ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்: சூடுபட்ட ஒரு சிறுவன் குறித்த நிகழ்வு ஆய்வு

மேற்குத் தமிழகத்தில் விசைத்தறி நிறைந்த ஓர் ஊரில் 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி ஓராண்டுக்கு மேல் நீண்ட நிகழ்வு இது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனநல ஆலோசனை தரும் ஆற்றுப்படுத்துநர் என்ற முறையில் இதில் பங்கெடுத்தேன். யாரையும் அடையாளம் காண முடியாதபடி ஊர், குடும்பம் பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆசிரியர்களும், சுகாதாரப் பணியாளர்களும், எங்களைப் போன்ற களப்பணியாளர்களும் படிக்கட்டும் என்று எழுதியது.

பின்னணி

சிறுவனுக்கு எட்டு வயது. அரசு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. ஐந்து வயதில் அம்மா நோயில் இறந்தார். அடுத்த ஆண்டே அப்பா மறுமணம் செய்துகொண்டார். சித்திக்கு இருபத்து மூன்று வயது, கையில் ஐந்து மாதப் பெண் குழந்தை. அப்பா தறி ஓட்டுபவர். முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. குடியிருப்பதும் அந்த முதலாளியின் லைன் வீட்டில்தான்: ஓர் அறை, அதிலேயே ஒரு மூலையில் அடுப்பு. எட்டு வீட்டுக்கும் பொதுவாக இரண்டு கக்கூஸ், வரிசையின் கடைசியில். ஷிப்டு பன்னிரண்டு மணி நேரம். ஒரு வாரம் பகல், மறு வாரம் ராத்திரி.

தாயை இழந்த குழந்தை, மாற்றாந்தாய், கைக்குழந்தை, கடன், தூக்கமில்லாத வேலை, நெருக்கடியான வீடு. பயிற்சிக் கையேடுகள் ஆபத்துக் காரணிகள் என்று அடுக்குபவை அத்தனையும் இந்த வீட்டில் இருந்தன. ஆனால் அந்த லைனில் இருந்த மற்ற வீடுகளிலும் இவற்றில் பாதிக்கு மேல் உண்டு. அங்கே எந்தக் குழந்தைக்கும் யாரும் சூடு வைக்கவில்லை. பட்டியலைப் பார்த்து எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லலாம். யார் செய்தது, ஏன் செய்தது என்பதற்கு அதில் பதில் கிடையாது. அதைப் பதிலாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை இந்த நிகழ்விலேயே பார்த்தோம்.

முதலில் தெரிந்தது

முதலில் கவனித்தவர் ஆசிரியரல்ல, காலை உணவுத் திட்டத்தில் சமைக்கும் பெண். பந்தியில் மற்ற பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, இவன் மட்டும் குத்துக்காலிட்டு, பின்புறம் தரையில் படாமல் தட்டைப் பிடித்திருந்தான். கிச்சடியை இரண்டாம் முறை கேட்டு வாங்கினான். அதையும் அப்படியே உட்கார்ந்து தின்றான். மறுநாளும் அதே நிலை. "புள்ளைக்கு என்னமோ ஆயிருக்குதுங்க டீச்சர், உக்காரவே மாட்டீங்கறான்" என்று அவர் வகுப்பாசிரியையிடம் சொன்னார்.

ஆசிரியை கேட்டதற்கு "கீழ விழுந்துட்டனுங்க மிஸ்" என்றான். படிப்பில் அவன் பின்தங்கியிருந்தது அவருக்கு முன்பே தெரியும். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை மலர் நிலையில் இருக்க வேண்டும். இவன் இன்னும் அரும்பு. வகுப்பில் தூங்கிவிழுவான், கதவு சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பான். இத்தனையும் 'கவனக்குறைவு' என்ற ஒரே சொல்லில் பதிவாகியிருந்தது.

தலைமையாசிரியர் அன்று மாலையே அப்பாவுக்கு ஃபோன் போட்டு, பையனுக்கு என்ன காயம் என்று விசாரித்தார். நல்லெண்ணத்தில் செய்ததுதான். அடுத்த மூன்று நாட்கள் சிறுவன் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் ஆசிரியை குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்தார்.

இந்த எண் 1996இல் மும்பையில் ஒரு தன்னார்வ முயற்சியாகத் தொடங்கியது. 2023இலிருந்து மாநில அரசுகள் நடத்துகின்றன. அழைத்தவரின் பெயரை வெளியே சொல்ல மாட்டோம். தெரிந்தும் பலர் அழைப்பதில்லை. பாலியல் குற்றம் என்றால் தெரிந்தவர் கட்டாயம் புகார் தர வேண்டும் என்று போக்சோ சட்டம் சொல்கிறது. வீட்டில் அடிபடும் குழந்தை விஷயத்தில் அவ்வளவு வெளிப்படையான கட்டளை எல்லோருக்கும் இல்லை. 'பெத்தவங்க கண்டிக்கிறாங்க, நமக்கெதுக்கு' என்பது அந்த இடைவெளியில்தான் நுழைகிறது.

விசாரித்தபோது

மறுநாள் எங்கள் புறத்தொடர்புப் பணியாளர் லைன் வீட்டுக்குப் போனார். அக்கம்பக்கத்தில் கேட்ட எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: சித்தி. யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் யாருக்கும் சந்தேகமில்லை. ஒரு மூதாட்டி மட்டும் மாந்தம் என்னும் வயிற்றுக் கோளாறுக்குப் போட்ட சூடாக இருக்கும் என்றார். குழந்தைகளுக்கு அப்படிச் சூடு போடும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை என்பதால் அதையும் ஒதுக்கிவிடாமல் குறித்துக்கொண்டோம்.

சிறுவனிடம் நான் பள்ளியில், ஆசிரியை எதிரே இருக்க, பேசினேன். 'சித்தி அடிச்சாங்களா?' என்று கேட்டிருந்தால் ஆம் என்றோ இல்லை என்றோ தலையாட்டியிருப்பான், இரண்டாலும் பயனில்லை. "காலைல எந்திரிச்சதுல இருந்து என்ன நடக்கும்னு சொல்லு" என்றேன். பல் தேய்ப்பது, பாப்பாவைப் பார்த்துக்கொள்வது என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். பிறகு, "மோண்டுட்டனுங்க. பாய் நனைஞ்சிருச்சு" என்றான். அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நானும் துருவவில்லை.

அரசு மருத்துவமனையில் பரிசோதித்தபோது நான்கு தழும்புகள் தெரிந்தன. இடது பிட்டத்திலும் தொடையின் பின்பக்கமும் ஆறிவரும் புண்கள் இரண்டு. வேறு இரண்டு நன்றாக ஆறி நிறம் மாறியவை. தவறி அடுப்பிலோ கரண்டியிலோ பட்டிருந்தால் குழந்தை சட்டென்று விலகும். காயம் இழுபட்டு, ஒரு பக்கம் ஆழமாக, மறு பக்கம் மேலோட்டமாக இருக்கும். இங்கே விளிம்பு கத்தரித்தது போல நேராகவும், ஆழம் எங்கும் ஒரே அளவாகவும் இருந்தது. அகலம் தோசைக் கரண்டியின் முனை அளவு. மாந்தத்துக்குப் போடும் சூடு வயிற்றில் விழும், அதுவும் கைக்குழந்தைக்கு. எட்டு வயதுப் பையனின் டவுசர் மறைக்கும் இடத்தில் அதற்கு வேலையில்லை. நான்கும் வெவ்வேறு நாட்களில் பட்டவை. எடை வயதுக்குக் குறைவு, ரத்தசோகை, வயிற்றைத் தொட்டால் மலம் கட்டியாகத் தட்டுப்பட்டது. சிறுநீரில் கிருமித் தொற்றோ சர்க்கரையோ இல்லை.

வருகைப் பதிவேடு

யார் என்ற கேள்விக்கு விடை எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. செயலியில் பார்த்தால் அவன் வருகை எண்பது சதவீதத்துக்குச் சற்று மேல். அந்தப் பகுதியில் இது யாரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும் எண்ணல்ல. ஆனால் ஆசிரியை பழைய பழக்கத்தில் ஒரு நோட்டிலும் வருகை எழுதிவந்தார். நாள்வாரியாக அதைப் பார்த்தபோது விடுப்புகள் எல்லாம் ஒரு வாரம் விட்டு ஒரு வாரத்தில் கொத்தாக விழுந்திருந்தன. ஒரு வாரம் முழுக்க வருகை. அடுத்த வாரம் ஒரு நாளோ இரண்டு நாளோ இல்லை. நோட்டு முழுக்க இப்படித்தான். பட்டறையின் ஷிப்டு விவரத்தைப் பக்கத்தில் வைத்தோம். விடுப்பு விழுந்த வாரமெல்லாம் அப்பாவின் ராத்திரி ஷிப்டு.

பகல் ஷிப்டு வாரத்தில் சிறுவன் எழும் முன்பே அப்பா கிளம்பிவிடுவார். நனைந்த பாயைச் சித்தி சத்தமில்லாமல் அலசிக் காயப்போட்டுவிடுவார். ராத்திரி ஷிப்டு வாரத்தில் அப்பா காலை ஆறு மணிக்கு வீடு திரும்புவார். அந்தப் பாயில்தான் அவர் படுக்க வேண்டும்.

சித்தியைத் தனியாகச் சந்தித்தபோது, "அவரு ராத்திரி ஷிப்டு போற வாரம் எனக்குத் தூக்கமே வராதுங்க. அஞ்சு மணிக்கே இவனை எழுப்பி உட்ருவேன். பாப்பா அழுதுட்டான்னா அன்னைக்கு முடியாதுங்க" என்றார். தடுக்கப்போன ஒரு நாள் தனக்கும் அடி விழுந்ததாகச் சொன்னார். குழந்தையும் மனைவியும் ஒரே கையால் அடிபடுவது அபூர்வமல்ல. ஒருவரைப் பற்றித் தெரிந்தால் மற்றவரையும் கேட்டாக வேண்டும்.

சித்தி மீது குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். திட்டியிருக்கிறார். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் அவனுக்குத் தண்ணீர் தருவதை நிறுத்தியிருந்தார். ராத்திரிச் சோற்றையும் குறைத்திருந்தார். படுக்கை நனையாமலிருக்க அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது. விளைவு நேர்மாறு. தண்ணீர் குறைந்து மலம் இறுகியது. இறுகிய மலம் மூத்திரப்பையை அழுத்தியது. படுக்கை இன்னும் அதிகம் நனைந்தது. பட்டினி போடுவதும் வதைதான், கரண்டியைத் தொடாத கை செய்தாலும். ஆனால் ஊர் முழுக்கச் சொன்ன குற்றத்தை அவர் செய்யவில்லை. மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்துக்குள் அடிபட்ட குழந்தைகளில் 88.6 சதவீதத்தினரை அடித்தவர்கள் பெற்றோரே. ஆய்வு நடந்த 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. ஆனாலும் 'மாற்றாந்தாய் கொடுமை' என்ற நம் ஆயத்த முடிவுக்கு அந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

அப்பா சொன்னது

அவர் மறுக்கவில்லை. குடிப்பவர்தான்; ஆனால் சூடு வைத்த காலைகளில் தறியிலிருந்து நேராக வந்தவர், குடித்திருக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு நனைந்த பாயைப் பார்த்ததும் என்ன வந்தது என்று தனக்கே தெரியவில்லை என்றார். மூன்றாவது சந்திப்பில் வேட்டியை விலக்கிக் கெண்டைக்காலில் இருந்த தழும்பைக் காட்டினார். "எங்கப்பனும் எனக்கு இப்படித்தாங்க வெச்சாரு. எனக்கு நின்னுச்சில்லீங்களா?"

இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரிய வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 10 சதவீதம் பேர் படுக்கையை நனைப்பவர்கள். எந்த வைத்தியமும் செய்யாவிட்டாலும் ஆண்டுக்குச் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தானாகவே நின்றுவிடும். நிற்பதற்கு முன் கடைசியாக எது செய்தார்களோ அதற்குப் பெயர் கிடைக்கிறது: சூடோ, தாயத்தோ, மந்திரிப்போ. தந்தைக்கு இருந்தால் மகனுக்கு வரும் வாய்ப்பும் அதிகம். அதாவது தழும்போடு சேர்ந்து மூத்திரப்பையின் சுபாவமும் தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. நாலு வயதிலிருந்து நனைக்காமல் இருந்தவன், அம்மா இறந்த பிறகுதான் மறுபடி தொடங்கினான் என்றார் அம்மாயி, அதாவது இறந்த அம்மாவின் தாய். பாப்பா பிறந்ததும் கூடிற்று. கக்கூஸ் பக்கம் பல்பு எரிந்து பல மாதம் ஆகியிருந்ததும், இருட்டில் அங்கே போகப் பயந்ததும் பிறகு அவனே சொன்னது.

அடிபட்டு வளர்ந்தவர் எல்லோரும் அடிப்பவராவதில்லை, பெரும்பாலோர் ஆவதில்லை. இதையும் அவரிடம் சொன்னேன். 'எங்கப்பன் செஞ்சதாலதான்' என்று ஒருவர் ஒதுங்கிக்கொள்ள நாம் வழி செய்துவிடக் கூடாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளை எங்கே, யாரிடம் விடுவது என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு முன் சிறுவன் நிறுத்தப்பட்டான். குழுவின் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, அரசு உதவி பெறும் இல்லத்தில் சேர்ப்பது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி இல்லம் என்பது கடைசிப் புகலிடம். அம்மாவை இழந்த பிள்ளையிடமிருந்து பாப்பா, சித்தி, பள்ளி எல்லாவற்றையும் ஒரே நாளில் பறிப்பது அடிபட்டவனுக்கே தண்டனை கொடுத்தது போலாகும். இரண்டாவது, அப்பாவை வெளியேற்றிச் சித்தியோடு விடுவது. காகிதத்தில் இதுதான் நியாயம். ஆனால் லைன் வீடு தறி ஓட்டுபவருக்குக் கொடுத்தது. அவர் போனால் வீடும் போகும். எனவே மூன்றாவது: பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்த அம்மாயி வீட்டில், குழுவின் உத்தரவோடு, தற்காலிகமாக ஒப்படைப்பது. அப்பா தனியாகப் போய் அவனைப் பார்க்கக் கூடாது. சித்தி பாப்பாவோடு ஞாயிறுதோறும் போகலாம்.

காவல் நிலையத்துக்குப் போவதா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. வழக்குப் போட்டால் கூலி நிற்கும், அட்வான்ஸ் ஏறும், கோபம் சித்தி மேல் திரும்பும் என்றது ஒரு தரப்பு. வெறும் பயம் என்று தள்ளிவிட முடியாத வாதம் அது. இன்னொரு தரப்பு, வெவ்வேறு நாட்களில் பட்ட நான்கு தழும்புகளைக் கண்டிப்பு என்று எழுதி மூட முடியாது என்றது. இரண்டாவது தரப்பின் பக்கம்தான் நானும். குழந்தையைக் கொடுமைப்படுத்தியதற்காக இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவிலும், சூடான பொருளால் காயம் விளைவித்ததற்காக, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 118ஆம் பிரிவிலும் வழக்குப் பதிவானது. கைது இல்லை, நோட்டீஸ் கொடுத்து விசாரித்தார்கள். வழக்கு என்ற ஒன்று இல்லாதிருந்தால் அவர் ஆலோசனைக்கு வந்திருக்க மாட்டார் என்பது என் கணிப்பு. சித்தியைப் பாதுகாப்பு அலுவலரிடம் அனுப்பினோம். வீட்டு வன்முறைச் சட்டத்தின் கீழ் மனு போட வேண்டாம் என்று சித்தி சொல்லிவிட்டார். பெண்களுக்கான உதவி எண்ணான 181ஐ மட்டும் குறித்துக்கொண்டார்.

பிறகு நடந்தது

அம்மாயி வீட்டில் முதல் சில வாரங்கள் படுக்கை நனைவது அதிகமானது. அந்தப் பாட்டிக்கு அது கலவரம், எங்களுக்கு எதிர்பார்த்தது. மலத்தை இளக்கும் மருந்து, இரும்புச்சத்து மாத்திரை, பகலில் நிறையத் தண்ணீர், படுக்கும் முன் கட்டாயம் ஒரு தடவை வெளியே போய்வருவது, நனைந்தால் ஒரு வார்த்தையும் பேசாமல் பாயை மாற்றுவது. கடைசியாகச் சொன்னதுதான் பாட்டிக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த ஊர்ப் பள்ளியிலும் காலை உணவு இருந்ததால் அந்த மாற்றம் வயிற்றைப் பாதிக்கவில்லை.

அவன் அதிகம் கேட்டது பாப்பாவை. அப்பாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, கேட்டால் பேச்சை மாற்றினான். விளையாட்டில் பொம்மைகளை வரிசையாகப் படுக்க வைத்து, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, "இது காஞ்சிருக்குது" என்பான். ஏதாவது தப்பு செய்தால் உடனே அடுப்பு இருக்கும் பக்கம் பார்ப்பதாக அம்மாயி சொன்னார். எப்போதும் அடுத்த அடியை எதிர்பார்த்திருக்கும் உடலுக்கு அரும்பிலிருந்து மொட்டுக்குப் போக நேரம் கிடைப்பதில்லை. 'கவனக்குறைவு' என்று எழுதப்பட்டது உண்மையில் வேறொன்றின் மீதிருந்த இடைவிடாத கவனம்.

மாதங்கள் சில கழித்து, அப்பாவின் ஆலோசனை ஓரளவு முன்னேறிய பின், எங்கள் பணியாளர் உடனிருக்கச் சந்திப்புகள் தொடங்கின. சிறுவன் வீடு திரும்பக் குழு மூன்று நிபந்தனைகள் வைத்தது. அப்பா ராத்திரி ஷிப்டு போகக் கூடாது; முதலாளி முணுமுணுத்தாலும், வழக்கு நடப்பதை அறிந்து ஒப்புக்கொண்டார். கக்கூஸ் வரிசைக்கு விளக்கு போட வேண்டும், ஊராட்சி போட்டுக்கொடுத்தது. சிறுவனுக்குத் தனிப் பாய், தனிப் போர்வை. மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வத்சல்யாவின் மாதம் 4,000 ரூபாய் நிதியாதரவுக்கும் விண்ணப்பித்தோம். கையெழுத்துகள் சேர்ந்து பணம் வரத் தொடங்கியபோது அவன் வீடு திரும்பிவிட்டிருந்தான்.

2025 ஜூனில் நான்காம் வகுப்புக்குப் பழைய பள்ளிக்கே வந்தான். எடை கூடியிருக்கிறது. உடலில் புதிய காயம் ஏதும் இல்லை. அம்மாயியும் சித்தியும் தனித்தனியே சொன்னதும், மருத்துவர் பார்த்ததும் ஒத்துப்போகின்றன. படுக்கை எப்போதாவது நனைகிறது. வாசிப்பு இன்னும் வகுப்புக்கு எட்டவில்லை, சீக்கிரம் எட்டும் என்று நான் எழுதத் தயாரில்லை. அப்பா அவன் முன்னால் குரலை உயர்த்துவதில்லை; அவன் அவரிடம் தானாகப் போய்ப் பேசுவதுமில்லை.

மாற்ற வேண்டியவை

காயம் தெரிந்தவுடன் வீட்டுக்கு ஃபோன் போடும் வழக்கம் நிற்க வேண்டும். காயப்படுத்தியவர் யாரென்று தெரியாத நிலையில் அந்த ஃபோன் அவர் கைக்கே போய்ச் சேரலாம். இங்கே அப்படித்தான் போனது. அந்த மூன்று நாளில் புதிதாக ஒரு காயம் விழாதது தற்செயல். முதலில் 1098, அல்லது எங்கள் அலகு, பிறகு வீடு.

நடந்ததை அந்தச் சிறுவன் ஆசிரியை, நான், மருத்துவர், காவலர், குழு என்று ஐந்து இடத்தில் சொல்ல வேண்டியிருந்தது. ஐந்தாவது இடத்தில் மனப்பாடச் செய்யுள் போல ஒப்பித்தான். முதலில் கேட்டவர் குழந்தையின் சொற்களிலேயே எழுதிய குறிப்பு மற்றவர்களுக்குப் போய்விட்டால், இத்தனை முறை கேட்கத் தேவையில்லை. எங்கள் அலகில் இப்போது அப்படி ஒரு படிவம் வைத்திருக்கிறோம். காவல் நிலையம் அதை இன்னும் முழுதாக ஏற்கவில்லை.

மருத்துவமனையில் முதலில் தந்த சீட்டில் 'தீக்காயம், ஆறி வருகிறது' என்ற ஒரே வரிதான் இருந்தது. விளிம்பு, அளவு, இடம், எத்தனை, எவ்வளவு பழையது என்பதைக் கேட்டுக் கேட்டு வாங்கினோம். உடல் படம் வரைந்து குறித்துத் தாருங்கள் என்று மருத்துவரிடம் முதலிலேயே கேட்பது அவமரியாதையல்ல.

பள்ளிக்குப் பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழுவும், வீட்டுக்கு வரும் செவிலியரும் பல்லையும் கண்ணையும் பார்க்கிறார்கள்; படுக்கை நனைகிறதா என்று யாரும் கேட்பதில்லை. வீட்டில் சிறு பிள்ளைகள் அடிவாங்கும் காரணங்களில் அது முன்வரிசையில் இருப்பது. கேட்டிருந்தால் சூடு விழும் முன்பே மலச்சிக்கல் தெரிந்திருக்கும், தண்ணீர் நிறுத்தியது தெரிந்திருக்கும்.

வருகை சதவீதத்தோடு நாள்வாரி நோட்டையும் மாதம் ஒருமுறை பார்க்க அந்தப் பள்ளி ஆசிரியைகள் முடிவெடுத்திருக்கிறார்கள். அதில் தெரிந்த இன்னொரு பெண் குழந்தையின் விடுப்புக்குக் காரணம், அம்மா வேலைக்குப் போகும் நாட்களில் தம்பியைப் பார்த்துக்கொண்டது. அங்கன்வாடியில் பேசி அது சரிசெய்யப்பட்டது. சூடுபட்ட சிறுவனின் வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. குழுவின் அடுத்த ஆய்வு அவன் ஐந்தாம் வகுப்புக்குப் போகும் ஜூன் மாதத்தில்.